கோவையிலும் மேற்கு அடிவாரத்திலும் காட்டுப் பாலூட்டிகளைக் கவனித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று இன்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. வடவள்ளி, தொண்டாமுத்தூர், தடாகம், மதுக்கரை, எட்டிமடை என்று மேற்கே வளர்ந்த நகரம் மலையடிவாரத்தைத் தொட்டு நிற்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் அட்டப்பாடியும் வாளையாறும். இந்தப் பகுதியில் குடியிருந்துகொண்டு காட்டுப் பாலூட்டிகளைக் கவனிக்க விரும்புவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். நாம் பார்த்ததனால் ஒரு விலங்கு தன் வழியையோ இரையையோ உறக்கத்தையோ மாற்றிக்கொள்ள நேர்ந்தால் அதைக் கவனித்தல் என்று சொல்வதற்கில்லை என்பது என் உறுதியான கருத்து. விடைகள் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை.

நகரத்துக்குள்ளேயே காட்டுப் பாலூட்டிகள் உண்டா?

உண்டு, பலர் நினைப்பதைவிட அதிகமாகவே உண்டு. மதில்மேல் ஓடும் மூவரி அணிலும், காலி மனைகளில் பகலிலேயே திரியும் கீரியும், ஓட்டு வீட்டுப் பரணில் குட்டி போடும் மரநாயும், சாக்கடையோரம் வளை தோண்டும் பெருச்சாளியும் யாரும் கொண்டுவந்து விட்டவை அல்ல. இந்த நிலத்தின் காட்டுயிர்கள்தாம். இரவில் சுவரோரமாக 'கீச் கீச்' என்று ஒலியெழுப்பிக்கொண்டு ஓடும் மூஞ்சூற்றைப் பெரும்பாலோர் எலி என்றே எண்ணி அடித்துவிடுகிறார்கள். அது எலிக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. கரப்பான், புழு, பூச்சி ஆகியவற்றைத் தின்று வாழும் உயிர். ஒன்றன் வாலடியை மற்றொன்று கவ்விக்கொண்டு தாயின் பின்னே குட்டிகள் வரிசையாகச் செல்வதை வீட்டு முற்றத்திலேயே பார்க்க வாய்ப்பிருக்கிறது.

உக்கடம் பெரியகுளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர் குளம் ஆகிய நொய்யல் வழிக் குளங்களின் கரைகளில் கோரையும் சம்பும் அடர்ந்த இடங்கள் காட்டுப்பூனைக்கும் கீரிக்கும் ஏற்றவை. வௌவால்களோ நகரமெங்கும் இருக்கின்றன. உலகிலுள்ள பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வௌவால்களே என்பதை நினைவில் வைத்தால், தெருவிளக்கைச் சுற்றிப் பூச்சி பிடிக்கும் அந்தச் சிறு உயிர்களைப் பார்க்கும் பார்வையே மாறும்.

அடிவாரத்தில் என்னென்ன இருக்கின்றன?

யானை, காட்டுமாடு, கடமான், புள்ளிமான், காட்டுப்பன்றி, சிறுத்தை, கரடி, செந்நாய், நரி, முள்ளம்பன்றி, முயல், அலுங்கு (எறும்புதின்னி), தேவாங்கு, நாட்டுக்குரங்கு, மந்தி என்று பட்டியல் நீளும். இவ்வளவு செழுமைக்கு நில அமைப்பே காரணம். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக ஓடிவந்து, நம் ஊருக்கு மேற்கே மட்டும் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளி விடுகிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். அதன் வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் இருக்க, நடுவில் ஊரும் வயலும் ரயில் பாதையும் தேசிய நெடுஞ்சாலையும் நிறைந்துள்ளன. கணவாய்க்கு வடக்கே உள்ள யானைகளும் தெற்கே உள்ள யானைகளும் மரபணு அளவில் வேறுபட்டிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதாவது இந்த இடைவெளி மிக நீண்ட காலமாகவே விலங்குகளின் நடமாட்டத்தைப் பிரித்து வந்திருக்கிறது. தடாகத்திலும் போளுவாம்பட்டியிலும் நாம் காணும் யானைகள் வடக்குத் தொகுதியைச் சேர்ந்தவை.

புதிதாகத் தொடங்குபவர் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் தொடங்க வேண்டும். யானையிலும் சிறுத்தையிலும் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நிலைப்பதில்லை; ஒருமுறை பார்த்ததும் ஆவல் தீர்ந்துவிடுகிறது, அல்லது பார்க்க முடியாமல் சலித்துவிடுகிறது.

பொழுது சாயும் நேரத்தில் மொட்டை மாடியில் அமர்ந்து, முதல் வௌவால் எந்தத் திசையிலிருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்று குறித்து வாருங்கள். மார்கழிக்கும் ஆனிக்கும் அந்த நேரம் எப்படி மாறுகிறது என்பதை ஓராண்டுக்குள் உங்கள் குறிப்பேடே சொல்லிவிடும். நெட்டிலிங்க மரம் பழுத்திருக்கும் காலத்தில் காலையில் அதன் அடியில் பாருங்கள்: மென்று சாறு உறிஞ்சித் துப்பிய சக்கை உருண்டைகளும், சதை நீங்கிய கொட்டைகளும் கிடக்கும். சக்கையைப் பிரித்துப் பார்த்தால் நார் மட்டும் இறுகியிருக்கும். ஓரத்தில் வாயின் அண்ணம் அழுந்திய தடம்கூடத் தெரியும். குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவாலின் வேலை அது. உங்கள் கார் மீதும் வாசல் திண்ணையிலும் அது போட்ட கறையைத் திட்டிக்கொண்டே கழுவுபவர்கள், அதே வௌவால் எத்தனை மரங்களின் விதைகளை ஊரெங்கும் தூவிச் செல்கிறது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இட்டேரிகளில் எதைத் தேடலாம்?

என் மனத்துக்கு மிக நெருக்கமான கேள்வி இது. கொங்கு நாட்டுத் தோட்டங்களுக்கு இடையே, இருபுறமும் கிளுவை வேலி அடர்ந்து, வண்டித் தடமாகச் செல்லும் இட்டேரிகள் சிறு பாலூட்டிகளுக்குச் சாலையாகவும் வீடாகவும் இருந்து வந்திருக்கின்றன. கிளுவைமுள்ளோடு சங்கஞ்செடி, பிரண்டை, கோவைக்கொடி எல்லாம் பின்னிக் கிடக்கும் வேலிக்குள் நாய் நுழைய முடியாது. முயலும் கீரியும் காட்டுப்பூனையும் நுழையும். வேலியின் அடியில் இலைச் சருகு விலகி, கையகல வழி ஒன்று மண் மின்ன வழுவழுப்பாகத் தெரிந்தால் அது நாள்தோறும் பயன்படும் பாதை. குனிந்து முள்ளில் மாட்டிய மயிரைப் பாருங்கள்: கருமையும் வெண்மையும் மாறி மாறி வளையமிட்ட விறைப்பான மயிர் கீரியுடையது.

கீரியிலும் இரண்டு வகையை இங்கே காணலாம். ஊருக்குள் திரிவது சாம்பல் கீரி. அடிவாரத்துப் புதர்க்காடுகளில் இருப்பது செங்கீரி. அதன் வால்நுனி கறுப்பாக இருக்கும், நடக்கும்போது அந்த நுனியை மேல்நோக்கி வளைத்துக்கொள்ளும். இந்த ஓர் அடையாளம் போதும், தொலைவிலிருந்தே பிரித்துச் சொல்லிவிடலாம்.

மனைப் பிரிவுகள் வரும்போது முதலில் அழிவது இட்டேரிதான். வேலியைப் பிடுங்கிக் கம்பி போட்டுவிட்டால் மேலே சொன்ன உயிர்கள் யாவும் ஒரே பருவத்தில் காணாமற்போகின்றன. உங்கள் ஊரில் எஞ்சியிருக்கும் இட்டேரியை இப்போதே நடந்து பார்த்துக் குறித்து வையுங்கள் என்று நான் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

விலங்கையே பார்க்காமல் தடயங்களை வைத்து எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும்?

பெரும்பகுதியைத் தெரிந்துகொள்ள முடியும். பாலூட்டிகளில் மிகுதியானவை இரவில் நடமாடுபவை. அவற்றை விடாமல் கண்ணால் தேடுவதைவிட, அவை போன பிறகு விடியற்காலையில் நிலத்தைப் படிப்பது அவற்றுக்கும் நல்லது, நமக்கும் பாதுகாப்பு. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன், ஓடைப் பள்ளத்தின் ஈர மணல் இதற்கு மிகச் சிறந்த இடம்.

யானையின் முன்னங்கால் தடம் ஏறத்தாழ வட்டமாகவும், பின்னங்கால் தடம் சற்று நீள்வட்டமாகவும் இருக்கும். முன்னங்கால் தடத்தின் சுற்றளவை ஒரு நூலால் அளந்து இரண்டால் பெருக்கினால் அந்த யானையின் தோள் உயரம் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். பல தடங்கள் கலந்து கிடக்கும்போது சிறியது எது, பெரியது எது என்று அளந்தாலே கூட்டத்தில் குட்டி இருந்ததா என்பது தெரிந்துவிடும். குட்டியோடு வந்த கூட்டம் என்றால் அந்தப் பக்கம் அன்று மாலையும் போகாமல் இருப்பதே சரி.

யானையின் சாணமாகிய லத்தியும் பேசும். புதியது ஈரப் பளபளப்போடு இருக்கும், சாண வண்டுகள் மொய்க்கும். வெயிலில் ஒரு நாள் கிடந்தால் மேல்புறம் காய்ந்து நிறம் வெளுக்கும். குச்சியால் விலக்கிப் பார்த்தால் மூங்கில் நார், மரப்பட்டை, புளியங்கொட்டை, பலாக்கொட்டை, வாழை நார் என்று அது முந்தைய நாள் எங்கே மேய்ந்தது என்பதற்கான சான்று கிடைக்கும். மருதமலை அடிவாரத்தில் குப்பை கொட்டப்பட்ட இடங்களை ஒட்டி யானை லத்தியில் பிளாஸ்டிக் உறைகள் கிடந்ததைப் பலரும் படமெடுத்து வெளியிட்டிருக்கிறார்கள். உப்பும் உணவு வாசனையும் ஒட்டிய உறையை யானை அப்படியே விழுங்கிவிடுகிறது. அதைக் கண்டால் வருந்துவதோடு நிற்காமல், இடத்தையும் நாளையும் குறித்து வனச்சரக அலுவலகத்துக்கும் உள்ளாட்சி நிர்வாகத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

மரநாய் ஒரே இடத்தில் எச்சமிடும் பழக்கமுடையது. மொட்டை மாடி விளிம்பிலும் பாறைமேலும் பழக்கொட்டைகள் செரிக்காமல் குவிந்திருந்தால் அதன் வேலை என்று கொள்ளலாம். காட்டுப்பன்றி மூக்கால் உழுத நிலம் கொத்துக் கொத்தாகப் புரண்டு கிடக்கும். கரையான் புற்றைப் பக்கவாட்டில் பிளந்து ஆழமாகத் தோண்டியிருந்தால் கரடி வந்து போயிருக்கிறது. அங்கே நிற்காமல் திரும்பிவிடுங்கள். முள்ளம்பன்றி தென்னங்கன்றின் அடியைக் கரம்பிவிட்டுப் போகும், சில நேரம் ஒரு முள்ளையும் விட்டுவிட்டுப் போகும். முள்ளை எடுத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். படம் எடுத்துக்கொண்டால் போதும்.

எங்கள் குடியிருப்பில் சிறுத்தை வந்ததாகச் சொல்கிறார்கள். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கால்தடத்தை முதலில் பாருங்கள். பூனைக் குடும்பத்து விலங்குகள் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் தடத்தில் நகக்குறி பதியாது; நாயின் தடத்தில் விரல்களுக்கு முன்னே நகப் புள்ளிகள் தெரியும். சிறுத்தையின் தடம் ஏறத்தாழ 7 முதல் 9 சென்டிமீட்டர் அகலமிருக்கும். பாதத்தின் பின்விளிம்பு மூன்று மடிப்பாகப் பிரிந்திருக்கும். அதில் பாதியளவே இருந்தால் காட்டுப்பூனையாகவோ வீட்டுப்பூனையாகவோ இருக்கலாம். தடத்தின் அருகே ஒரு பேனாவையோ நாணயத்தையோ வைத்து நேர் மேலிருந்து படமெடுத்து வனத்துறையினரிடம் காட்டுங்கள். கண்காணிப்புக் கேமராவின் மங்கலான பதிவை மட்டும் வைத்துக்கொண்டு தெருவையே கலக்குவது பொறுப்பான செயல் ஆகாது.

உண்மையிலேயே சிறுத்தை என்றாலும் பதற வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் குனியமுத்தூர் அருகே பி.கே. புதூரில் பயன்பாட்டில் இல்லாத ஒரு கிடங்குக்குள் சிறுத்தை ஒன்று புகுந்துகொண்டது. வனத்துறையினர் வாயில்களில் கூண்டு வைத்து, உள்ளே கேமரா பொருத்தி, நாட்கணக்கில் காத்திருந்தார்கள். கடைசியில் அது தானாகவே கூண்டுக்குள் நடந்து வந்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. கூட்டத்தை விலக்கி வைத்துவிட்டுப் பொறுமையாக இருந்தால் எவ்வளவு பெரிய விலங்கையும் அமைதியாக மீட்கலாம் என்பதற்கு நம் ஊரிலேயே நடந்த சான்று இது. சிறுத்தையை ஊருக்கு இழுப்பது பெரும்பாலும் தெருநாய்களும், அவற்றைப் பெருக்கும் இறைச்சிக் கழிவுமே. அடிவாரக் குடியிருப்புகளில் அதை ஒழுங்குபடுத்துவதே முதல் பாதுகாப்பு.

யானையைப் பாதுகாப்பாகப் பார்ப்பது எப்படி?

கட்டடத்தின் மேலிருந்தோ, வனத்துறை அனுமதித்த வாகனத்திலிருந்தோ மட்டும் பார்க்க வேண்டும். தரையில் நின்று, அதுவும் இருட்டில், யானையைப் பார்க்க முயல்வதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

காற்றைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பலத்த காற்று வீசுகிறது. நகரத்தின் மேற்கு விளிம்பில் நின்று மலையை நோக்கும் ஒருவருக்கு அப்போது காற்று விலங்கிடமிருந்து தன்னை நோக்கி வருகிறது. ஆகவே அவருடைய வாடை யானைக்கு எட்டுவதில்லை. கவனிப்பவருக்கு இது சாதகம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் தென்னை மட்டைகளின் இரைச்சலில் யானை கிளை ஒடிக்கும் ஓசையோ, வயிற்றுக்குள்ளிருந்து எழும் உறுமலோ நமக்குக் கேட்பதில்லை. நாம் இருப்பது அதற்குத் தெரியாமல், அது இருப்பது நமக்குத் தெரியாமல், தோட்டத்து வளைவில் பத்தடி தூரத்தில் இருவரும் நேருக்கு நேர் சந்திக்க நேரிடுகிறது. எதிர்பாராமல் நெருங்கிவிட்ட யானை தாக்குவதற்குத் தயங்குவதில்லை. எனவே காற்றுக் காலத்தில் மாலை ஆறு மணிக்குப் பிறகு தோப்புகளுக்குள்ளும் அடிவாரச் சாலைகளிலும் நடப்பதை அறவே தவிர்க்க வேண்டும்.

சாலையில் எதிர்ப்பட்டால் வண்டியைத் தொலைவிலேயே நிறுத்துங்கள். ஒலிப்பான் அடிக்கவோ, முகப்பு விளக்கை அணைத்து அணைத்துப் போடவோ கூடாது. மெல்லப் பின்னோக்கி எடுத்து இடம் விடுங்கள். காதுகளை விரித்து அசையாமல் நின்றாலோ, தும்பிக்கையை உங்கள் பக்கம் தூக்கி மோப்பம் பிடித்தாலோ அது உங்களைக் கண்டுவிட்டது, தன் சங்கடத்தையும் தெரிவிக்கிறது. மக்னா எனப்படும் கொம்பில்லா ஆண் யானையைப் பெண் யானை என்று எண்ணி நெருங்குவது ஆபத்து. மதநீர் கன்னத்தில் வழியும் ஆண் யானை இருக்கும் பகுதிக்கு எந்தக் காரணத்துக்காகவும் போக வேண்டாம்.

வேடிக்கைக் கூட்டம் யானைக்கு என்ன செய்கிறது என்பதைச் சின்னத்தம்பி என்ற காட்டு யானையின் கதையில் பார்த்தோம். 2019 ஜனவரியில் தடாகம் பகுதியில் பிடித்து ஆனைமலையிலுள்ள டாப்சிலிப் பக்கம் கொண்டுபோய் விடப்பட்ட அந்த யானை, சில நாட்களிலேயே காட்டைவிட்டு இறங்கி உடுமலைப்பேட்டைப் பகுதி வயல்களுக்கு வந்தது. அதைப் பார்க்கவும் படமெடுக்கவும் மக்கள் திரண்டார்கள். பிப்ரவரியில் மீண்டும் பிடிக்கப்பட்டு வளர்ப்பு யானை முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டது; இனி அது காட்டு யானை இல்லை. தன் வலசை வழியை நன்கு அறிந்த ஒரு விலங்கை நாம் அப்படி இழந்தோம் என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் வலிக்கிறது.

வாளையாறு ரயில் பாதையில் யானைகள் அடிபடுவது நின்றுவிட்டதா? பயணத்தின்போது அங்கே பார்க்க முடியுமா?

எட்டிமடைக்கும் வாளையாற்றுக்கும் இடையே ரயில் பாதை காட்டுக்குள் செல்கிறது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஒரே இரவில் மூன்று யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. அதன் பிறகு 2024 பிப்ரவரியில் மதுக்கரை வனச்சரகத்தில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு முறை தொடங்கப்பட்டது. பாதையோரக் கோபுரங்களிலுள்ள வெப்ப உணர் கேமராக்கள் யானை நெருங்குவதைக் கண்டறிந்து, கட்டுப்பாட்டு அறை வழியாக ரயில் ஓட்டுநருக்கும் வனப் பணியாளர்களுக்கும் எச்சரிக்கை அனுப்புகின்றன. யானைகள் அடியில் கடந்து செல்லச் சுரங்கப் பாதைகளும் அமைக்கப்பட்டுள்ளன. ரயிலின் சன்னலிலிருந்து அவ்வப்போது மயிலையும் மானையும் பார்க்கலாம். பாதையோரத்தில் இறங்கி நிற்பது சட்டப்படியும் குற்றம், உயிருக்கும் ஆபத்து.

நிபா வைரஸ் காய்ச்சல் காரணமாக வௌவால்களைக் கண்டு அஞ்ச வேண்டுமா?

அஞ்ச வேண்டியதில்லை; எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2018-இல் கோழிக்கோட்டில் நிபா பரவிய பிறகு கேரளத்தில் அது பலமுறை தலைகாட்டியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வாளையாறு சோதனைச் சாவடியில் காய்ச்சல் பரிசோதனை நடப்பதை எல்லையோர மக்கள் அறிவார்கள். அந்த வைரஸ் இயற்கையாகப் பழந்தின்னிப் பெரு வௌவால்களிடம் இருக்கிறது. வௌவால் கடித்த பழத்தைத் தின்னக் கூடாது, கீழே விழுந்த பழத்தைக் கழுவித் தோல் நீக்காமல் உண்ணக் கூடாது, மூடி வைக்காத பானையில் இறங்கிய கள்ளையும் பதநீரையும் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடவும் கூடாது.

வௌவால் அடையும் ஆலமரத்தையும் புளியமரத்தையும் வெட்டினாலோ, வெடி வைத்து விரட்டினாலோ அச்சுறுத்தப்பட்ட கூட்டம் சிதறிப் பல இடங்களுக்குப் போகுமே தவிர நோய் குறைவதில்லை. பெரு வௌவால் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும். அழிந்த கூட்டம் மீள நெடுங்காலம் ஆகும். வௌவால்களுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அடையும் மரத்தை ஐம்பதடிக்கு அப்பாலிருந்து இருநோக்கி வழியே பார்ப்பதில் எந்தத் தீங்கும் இல்லை.

தேவாங்கைக் காண முடியுமா?

பொறுமை இருந்தால் முடியும். ஆனைகட்டிப் பகுதியிலும் தடாகத்துப் புதர்க்காடுகளிலும் தேவாங்கு வாழ்கிறது. மந்தமாக அசைந்து, கிளைக்குக் கிளை ஓசையின்றி நகர்ந்து பூச்சி பிடிக்கும் சிறிய இரவு விலங்கு அது. கண்ணில் ஒளி பட்டால் இரு கண்களும் செந்நிறமாக ஒளிரும். எனவே வெள்ளை ஒளியைத் தவிர்த்து, சிவப்புத் தாள் ஒட்டிய கைவிளக்கால் சில நொடிகள் மட்டும் பார்த்துவிட்டு விலக்கிவிட வேண்டும். மாந்திரீகத்துக்கும் நாட்டு மருந்துக்கும் இதைப் பிடித்துத் துன்புறுத்தும் கொடுமை இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பகுதியை 2022-இல் தேவாங்குக் காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இந்த உயிருக்கென்றே நாட்டில் அமைந்த முதல் காப்பகம் அது. நம் பகுதியில் தேவாங்கைக் கண்ட இடத்தை யாரிடமும் பொதுவில் சொல்லாதீர்கள்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

8×42 அளவுள்ள (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. முகப்பு வில்லையுள்ள) இருநோக்கி ஒன்று, குறிப்பேடு, அளவுகோல், சிவப்பு ஒளி தரும் விளக்கு. தொடக்கத்துக்கு இவை போதும். தானியங்கிக் கேமராவைச் சொந்தத் தோட்டத்தில் வைக்கலாம். பக்கத்துத் தோட்டத்து வேலையாட்களும் பெண்களும் நடக்கும் வழியை அது படமெடுக்காதபடி திருப்பி வைப்பது கடமை. காப்புக்காட்டில் அனுமதியின்றி கேமரா வைப்பதும் ட்ரோன் பறக்கவிடுவதும் குற்றம். ட்ரோனின் இரைச்சல் யானைக் கூட்டத்தை மிரட்டி ஓடவைக்கும்.

உணவு வைத்து வரவழைத்துப் பார்ப்பதில் என்ன தவறு?

மருதமலைப் படிக்கட்டிலும் மலைப்பாதை ஓரங்களிலும் நாட்டுக்குரங்குகளுக்கு வாழைப்பழமும் பிஸ்கட்டும் கொடுப்பவர்கள் அன்பினால்தான் கொடுக்கிறார்கள். ஆனால் மனிதர் கையில் உணவு இருக்கும் என்று பழகிய குரங்கு, அடுத்து வரும் குழந்தையின் கையைக் கடிக்கிறது. வண்டிச் சக்கரத்தில் சிக்கிச் சாகிறது. தென்னிந்தியாவுக்கே உரிய இந்தக் குரங்கினம் காட்டில் தனக்கான உணவைத் தேடிக்கொள்ளத் தெரிந்தது. எதையும் கொடுக்காமல் இருப்பதே அதற்கு நாம் செய்யும் நன்மை.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டையாடுவது, பிடிப்பது, வளர்ப்பது, உடலுறுப்புகளை வைத்திருப்பது ஆகியவை தண்டனைக்குரியவை. யானை, சிறுத்தை, கரடி, அலுங்கு, தேவாங்கு ஆகியவை முதல் அட்டவணையில் உள்ளன. 2022-இல் இச்சட்டம் விரிவாகத் திருத்தப்பட்டு அட்டவணைகள் மாற்றி அமைக்கப்பட்டன. பழைய கையேடுகளை நம்ப வேண்டாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். முறையாகக் காட்டுக்குள் செல்ல விரும்பினால், வனத்துறையும் பழங்குடி மக்களும் சேர்ந்து நடத்தும் பரளிக்காடு சூழல் சுற்றுலாவோ, 2024-இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' இணைய முன்பதிவோ நல்ல வழிகள். இருளர் வழிகாட்டிகளோடு நடந்தால் புத்தகம் சொல்லாததைக் கற்கலாம். அவர்களுக்கு உரிய ஊதியத்தைக் குறைக்காமல் கொடுங்கள்.

தோட்டக்காரர்கள் எங்களை விரட்டுகிறார்கள். என்ன செய்வது?

அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. குலை தள்ளிய வாழையை ஒரே இரவில் இழந்த விவசாயியின் வேலியோரம் நின்று, 'என்ன அழகான யானை' என்று படமெடுப்பவரை அவர் எப்படி வரவேற்பார்? முதலில் பகலில் போய்ப் பேசுங்கள். எந்த வழியாக வந்தது, எதைத் தின்றது, எதை மிதித்தது என்று கேளுங்கள். நம்மைவிட அவர்களுக்கே அதிகம் தெரியும். இழப்பீட்டு விண்ணப்பத்துக்குப் படமும் விவரமும் தேவைப்பட்டால் எடுத்துக் கொடுங்கள். 'ஐயா, தோட்டத்துக்குள் வரலாமா?' என்று கேட்டுவிட்டு நுழைபவரை யாரும் விரட்டியதை நான் கண்டதில்லை.

அங்கே சுருக்குக்கம்பியோ, பன்றிக்காக வைத்த அவுட்டுக்காய் என்னும் நாட்டு வெடியோ, நேரடி மின்சாரம் பாய்ச்சிய கம்பியோ கண்ணில் பட்டால் தொடாமல் விலகி, உடனே வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். உணவுக்குள் பொதிந்த அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதைந்த யானை தின்னவும் குடிக்கவும் முடியாமல் பல நாள் வேதனைப்பட்டு இறக்கிறது. இதில் தயவு தாட்சணியத்துக்கு இடமில்லை.

பார்த்ததை எங்கே பதிவு செய்வது? பகிரலாமா?

நாள், நேரம், இடம், விலங்கு, எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல், காற்று, மழை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் அன்றே எழுதுங்கள். பார்க்கச் சென்று ஒன்றும் காணாத நாளையும் எழுத வேண்டும். ஆய்வாளருக்கு அதுவும் தகவலே. உயிரினங்களைக் கண்ட பதிவுகளைத் திரட்டும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் பதிவிடும்போது இடத்தை மறைத்துக் காட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள். யானை நிற்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் உடனுக்குடன் பகிர்வதால் கூட்டம் கூடுகிறது. அக்கம்பக்கத்தாரை எச்சரிக்க வேண்டுமென்றால் வனத்துறைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள், அவர்கள் எச்சரிப்பார்கள். சாலையில் அடிபட்டுக் கிடக்கும் மரநாய், முயல், கீரி ஆகியவற்றின் இடங்களைத் தொடர்ந்து குறித்து வருவது மிகப் பயனுள்ள வேலை. ஒரே வளைவில் மீண்டும் மீண்டும் அடிபடுகின்றன என்று காட்ட முடிந்தால் அங்கே வேகத்தடை கேட்க ஆதாரம் கிடைக்கிறது.

அடிபட்ட விலங்கையோ தனித்துக் கிடக்கும் குட்டியையோ கண்டால்?

எடுக்காதீர்கள். முயல்குட்டியையும் மான்குட்டியையும் தாய் மறைத்து வைத்துவிட்டு மேயப் போவது வழக்கம். காயம் தெளிவாகத் தெரிந்தால் மட்டும் வனச்சரக அலுவலகத்தை அழைத்து, அவர்கள் வரும்வரை நாய்களையும் மனிதர்களையும் விலக்கி வையுங்கள். எந்தப் பாலூட்டி கடித்தாலும் கீறினாலும் காயத்தை ஓடும் நீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

கேரள எல்லைக்குள் சென்றும் கவனிக்கலாமா?

கவனிக்கலாம், அங்குள்ள விதிகளோடு. விலங்குகளுக்கு மாநில எல்லை இல்லை என்பதால்தான் 2024 மே மாதம் யானைக் கணக்கெடுப்பை அண்டை மாநிலங்களோடு ஒரே நாட்களில் தமிழ்நாடு நடத்தியது; தமிழ்நாட்டில் மட்டும் 3,063 யானைகள் என்று மதிப்பிடப்பட்டது. ஆனைகட்டியில் நாம் காணும் கூட்டம் மறுநாள் அட்டப்பாடியில் இருக்கலாம். நமக்கு மட்டும் எல்லை உண்டு: மலம்புழா, தோணி, வாளையாறு பகுதிகளில் காட்டுக்குள் செல்லக் கேரள வனத்துறையின் அனுமதி தனியாகப் பெற வேண்டும்; தமிழ்நாட்டில் வாங்கிய அனுமதிச் சீட்டு அங்கே செல்லாது. எல்லையோரத்தில் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் ஊர்க்காரர்களிடம் இரு பக்கத்துச் செய்தியும் கிடைக்கும் என்பதால், குறிப்பேட்டில் எந்தப் பக்கத்தில் கண்டீர்கள் என்பதைத் தவறாமல் தனியே எழுதி வையுங்கள்.